தம்பி பெண்டாட்டியின் கார்

"மிதி" என்றான் ஸ்தாமென், காருக்கு அடியிலிருந்து. டிரைவர் சீட்டில் இருந்த அவன் மனைவி பென்கா பிரேக்கை மிதித்தாள்.

"பிடிச்சுக்கோ. விட்டுடாத." பின் சக்கரத்தில் சின்னத் திருகைத் திறந்து, காற்றும் ஆயிலுமாகக் குமிழியிட்டு வருவதைப் பார்த்துவிட்டு மூடினான். "இப்ப விடு." மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை.

அதுவும் யாருடைய காருக்கு என்று நினைத்தபோதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓர்ப்படி நெவேனாவின் கார் அது. ஸ்தாமெனின் தம்பி போன இலையுதிர் காலத்தில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். விட்டுப்போனது இந்தப் பழைய ரஷ்யக் காரையும் இரண்டு பெண் குழந்தைகளையும்தான்.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வருஷத்தில் வாங்கிய ஒரே மாதிரி கார்கள். ஸ்தாமெனுடையது ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. இங்கே பழுதானதோ நெவேனாவுடையது, முதுகு ஒடிவதோ இவர்களுக்கு.

நெவேனாவுக்கு அந்தக் கார் இல்லாமல் முடியாது. தினமும் காலையில் மலையிறக்கம் முழுக்க பிரேக்கில் காலை வைத்தபடியே கீழே போய், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தையல் ஆலைக்குப் போகவேண்டும். கொஞ்ச நாளாக பெடல் அடிவரை இறங்குகிறது, பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாயிருக்கிறது என்று நேற்று வந்து அழுதாள். வருஷாந்திரப் பரிசோதனைக்கு வேறு நாள் வந்துவிட்டது; கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லாவிட்டால் பாலத்தடியில் போலீஸ் மடக்கிவிடும். ஸ்தாமென் உடனே சாவியை வாங்கிக்கொண்டான்.

"சொந்தப் பொண்டாட்டி கேட்டா கூரை ஓட்டை மாத்த ஒரு வருஷம். அவ மூக்கை உறிஞ்சினா ஒரே நாள்ல வேலை நடக்குது" என்றாள் பென்கா, ஜன்னல் வழியாகக் குனிந்து.

"வாயை மூடிட்டு மிதி."

ஆனால் அவன் வேலை செய்த அழகைக் குறை சொல்ல முடியாது. காலையிலேயே பின் சக்கரத்தின் துருப்பிடித்த பிரேக் டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றினான். ஒழுகின சிலிண்டரையும் ஆயிலில் ஊறின பிரேக் ஷூக்களையும் எடுத்து ஓரமாக வைத்தான். உள்ளே இருந்த கரியையெல்லாம் தண்ணீர் விட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்துக் காயவைத்தான். பிறகு ஷெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிமூட்டையைக் கொண்டுவந்து, அதிலிருந்த சிலிண்டரையும் ஷூக்களையும் மாட்டினான். இன்னொரு பக்கத்துக்கும் அப்படியே. எங்கே பிடித்தாய் என்று பென்கா கேட்டதற்கு, கிடைத்தது என்று மட்டும் சொன்னான்.

கடைசியில் பெடல் கல்லைப் போல நின்றது. எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை.

மறுநாள் காலையில் அவனே காரை ஓட்டிக்கொண்டு பரிசோதனைக்குப் போனான். கண்ணாடியில் புது ஸ்டிக்கரோடு சாப்பாட்டு வேளைக்குத் திரும்பினான். ஒரே மூச்சில் தேறிவிட்டதாம். பின் பிரேக் இரண்டும் சமமாகப் பிடிக்கிறது என்று அங்கே இருந்தவன் பாராட்டினானாம்.

பீன்ஸ் சூப்பை ரொட்டியில் தொட்டுத் தின்னும் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் பென்கா. நகக்கண்ணெல்லாம் கறுப்பு, விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. இத்தனை வருஷம் கல்நெஞ்சன் என்று வைதுகொண்டிருந்த ஆளுக்குள் இப்படி ஒரு மனிதன் இருந்திருக்கிறானே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தம்பி பிள்ளைகளுக்காகத்தானே செய்தான். நெவேனாவைத் தான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து உறுத்தியது.

அவளே நெவேனாவுக்குப் போன் செய்தாள். தம்பி செத்த பிறகு அவள் தானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, அத்தானுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்" என்று அந்தப் பக்கம் நெவேனா விம்மினாள். "ராத்திரியெல்லாம் அந்த இறக்கம்தான் கனவுல வருது."

"இனிமே வராது. பிரேக் கல்லு மாதிரி நிக்குது, நானே மிதிச்சுப் பார்த்தேன். பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா, நீங்க எல்லாரும் கார்லயே வீட்டுக்குப் போகலாம்."

போனை வைத்ததும் பென்காவுக்கு மனம் லேசாகிவிட்டது. சாயங்கால பஸ்ஸில் வருகிறார்கள். பாலாடைக்கட்டி அடைத்த பனிட்சா பலகாரம் ஒரு தட்டு சுட்டாள். பிள்ளைகள் வழியில் தின்னட்டும் என்று பாதியைத் துணியில் கட்டினாள். ஒரு பாட்டில் தேனும் எடுத்துக்கொண்டு, காரின் பின் இருக்கையில் வைக்கலாம் என்று முற்றத்துக்கு வந்தாள்.

கார் மறுபடியும் ஜாக்கியில் ஏறியிருந்தது. பின் சக்கரம் கழற்றித் தரையில் கிடந்தது. ஸ்தாமென் டிரம்மைத் திறந்து, நேற்று மாட்டின சிலிண்டரைக் கழற்றித் துணியில் வைத்துக்கொண்டிருந்தான்.

மறுபடியும் ஒழுகுகிறதா, அவர்கள் வருவதற்குள் முடிந்துவிடுமா என்று கேட்டாள்.

"ஒழுகல."

அவன் கை நீட்டி, ஓரமாகக் கிடந்த பழைய சிலிண்டரை எடுத்தான். அதில் ஈரம்கூடக் காயவில்லை. மேல்பரப்பைச் சட்டையில் ஒரு துடை துடைத்து, காலியான இடத்தில் வைத்துத் திருக ஆரம்பித்தான்.

"அதை ஏன்யா திரும்ப மாட்டுற?"

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பின்ன, நம்ம வண்டிக்கு பிரேக் வேணாமா?"