திருப்பிச் செதுக்காத படம்

கொலையான என் மனைவியின் படத்தை மரக்கட்டையில் செதுக்கி, அச்செடுத்து, கண்காட்சியில் மாட்டியிருந்தார்கள். கழற்றச் சொல்லப் போனேன். நாளிதழில் வந்த அதே படம். சுற்றிலும் கேமரா தூக்கிய நரிகள். பக்கத்தில் ‘கள்ளக்காதலா?’ என்ற தலைப்பு, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிக் கிடந்தது.

நான் யாரென்று சொல்வதற்குள் ஓவியர் தமயந்தி வந்துவிட்டாள்.

“நீங்களும் சிரிக்கத்தான் வந்தீங்களா சார்? கட்டையில திருப்பிச் செதுக்கினாத்தான் அச்சுல நேரா விழும், மறந்துட்டேன். பேப்பர்ல இருந்த மாதிரியே வெட்டிட்டேன். கழட்டிடறேன்.”

தலைப்பைப் பார்க்கிற முகமாக வேண்டுமென்று, நாளிதழ்க்காரர்கள் என் மனைவியின் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். மூக்குத்தி இடப்பக்கம் போயிருந்தது. இங்கே அச்சில் அது மறுபடி திரும்பி, வலப்பக்கத்தில், அவள் குத்தியிருந்த இடத்திலேயே இருந்தது.

“கழட்டட்டுமா சார்?”

“இருங்க,” என்றேன். “இந்த மூக்குத்திப் புள்ளியை எந்த உளியால எடுத்தீங்க?”