போஸ்ட்மேனின் முழங்கால்

காலை பத்து மணி. ஓய்வுபெற்றோர் மன்றத்தின் நிர்வாகக் குழுவில் ஏழு பேர். ஏழு பேரின் வயதையும் கூட்டினால் ஐந்நூற்று இருபத்தாறு. தலைவர், முன்னாள் வங்கி மேனேஜர்.

படிப்பு அறைக்கு இருபது இருக்கைகள் வாங்க வேண்டும். கடைக்கார அம்மா மாதிரிக்கு ஒரு சோபா செட்டும், உயரமான நாற்காலி ஒன்றும் லாரியில் கொண்டுவந்திருந்தார்.

சோபாவில் ஏழு பேரும் அமிழ்ந்தார்கள்.

"ஆகா, மேகத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கு!" என்றார் தலைவர்.

"இந்த நாற்காலியையும் ஒரு தடவை பாருங்க சார். முழங்கால் உயரத்துக்கு சீட்டு. பஞ்சு அமுங்காது. கைப்பிடி முன்னாடி வரைக்கும் வரும், ஊன்றி எழுந்துக்கலாம்."

"அதெல்லாம் வயசானவங்களுக்கும்மா."

எண்பத்தொரு வயது கம்பவுண்டர் ஆமோதித்தார். "பார்த்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம் வருது."

ஒரே ஒரு குரல் மட்டும் மாறி வந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர். மன்றத்தில் எல்லோருக்கும் அவர் போஸ்ட்மேன்.

"எனக்கென்னவோ அந்த நாற்காலிதான் சரின்னு படுது."

"பாவம், தெருத்தெருவா மிதிச்ச கால். தேஞ்சு போச்சு போல" என்றார் தலைவர்.

சிரிப்பு அடங்குமுன் செயலாளர் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக அவர்தான் செயலாளர். "அடுத்த மாசத் தேர்தல்ல என்னை எதிர்த்து நிக்கப் போறீங்க. இப்பவே எழுந்திருக்க வழி தேடறீங்களே போஸ்ட்மேன்!"

போஸ்ட்மேனும் சிரித்தார். மூன்று தடவை நின்று தோற்றவர். இந்த முறை ஜெயித்துவிடுவார் என்று வெளியே பேச்சு இருந்தது.

ஆறுக்கு ஒன்று. சோபாவே என்று தீர்மானம் ஆனது.

"கூட்டம் முடிஞ்சது" என்றார் தலைவர்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

கம்பவுண்டர் மட்டும் முன்னால் சாய்ந்தார். பாதி தூரம் வந்ததும், செருப்பைத் தேடியவர்போல் கீழே பார்த்துவிட்டுப் பழையபடி சாய்ந்துகொண்டார்.

"இன்னொரு விஷயம்," என்றார் செயலாளர். "வாசல் பல்பு."

வாசல் பல்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பற்றி. பிறகு, மன்றத்துக்குள் எப்போதோ ஒருநாள் வந்துபோன பூனையைப் பற்றி.

"சார், சோபாவை லாரியில ஏத்தணும்" என்றார் கடைக்கார அம்மா.

"முக்கியமான பேச்சு நடக்குதும்மா. அவசரப்படுத்தாதீங்க."

தலைவரின் நெற்றி வியர்த்திருந்தது. மின்விசிறி நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது.

போஸ்ட்மேன் எழுந்தார். எதையும் பிடிக்கவில்லை. பேச்சுக்கு நடுவே சட்டென்று எழுந்து நின்றார். காலையும் மாலையும் ஐந்தைந்து கிலோமீட்டர் நடக்கிறவர்.

"அம்மா, டிரைவரோட போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. பத்து நிமிஷம்."

கடைக்கார அம்மா போனதும் கதவைச் சாத்தினார். ஒவ்வொருவராகக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். தலைவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

"செயலாளர் சார், தீர்மானப் புத்தகத்தை எடுங்க."

"எழுதியாச்சே. சோபான்னு."

"அடிச்சிட்டு இப்படி எழுதுங்க. 'தபால்காரருக்கு முழங்கால் வலி இருப்பதால், அவர் கேட்டுக்கொண்டபடி உயரமான நாற்காலிகள் வாங்கப்படும்.'"



"உங்க ஒருத்தருக்காக இருபதுமா?" என்றார் தலைவர், விட்டுக்கொடுக்க முடியாமல்.

"ஒண்ணு மட்டும் தனியா நின்னா அசிங்கமா இருக்கும் சார். செட்டா இருக்கட்டும்."

"அதுவும் நியாயம்தான். சரி, உங்களுக்காக."

கம்பவுண்டர் போஸ்ட்மேனின் காதருகே வந்தார். "தேர்தல் வருதேப்பா. இதை எழுத்துல குடுக்கணுமா?"

"நீங்கெல்லாம் தினம் வந்து உட்காரணும்ல அண்ணே. எழுதட்டும்."

செயலாளர் எழுதினார். அன்று அவர் கையெழுத்து வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது.

ஜூன் ஒன்பதாம் தேதி இருபது நாற்காலிகளும் வந்திறங்கின. ஜூன் பதினான்காம் தேதி, செயலாளர் பதவிக்குப் போஸ்ட்மேன் கொடுத்திருந்த மனு, உடல்நிலை காரணமாக, தீர்மானப் புத்தகத்தை ஆதாரமாகக் காட்டி, ஏகமனதாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. கூட்டம் முடிந்ததும் ஆறு பேரும் கைப்பிடியை ஊன்றி, உடனே எழுந்து போனார்கள்.