‘சாப்பிட்டீர்களா’ என்று தொடங்கும் கடிதம்

பல்கலைக்கழகப் பயிற்சிக்காக ஆறு மாதம் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் நிராகரிப்புக் கடிதங்கள் எழுதினேன். "முதலில் சாப்பிட்டீர்களா?" என்று தொடங்கி, கடைசி வரியில்தான் முடியாது என்பேன். முழு மதிப்பெண் கொடுத்தார்கள். வேலை கேட்டபோது மேலாளர் சிரித்தார். "உங்க எழுத்து நடையத்தான் கம்ப்யூட்டர் கத்துக்கிச்சே, நீங்க எதுக்கு?"

நேற்று அம்மாவின் இதய அறுவை சிகிச்சைக்குப் பணம் தர மறுத்து அங்கிருந்தே கடிதம் வந்தது. "முதலில் சாப்பிட்டீர்களா?" என்றுதான் தொடங்கியது.

"அநியாயம்மா இது. விடக்கூடாது, கேஸ் போடுவோம்."

அம்மா இரண்டாம் முறையும் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம் தேன்மதி. இவ்வளவு அக்கறையா எழுதுற மனுஷங்க மேல எப்படிடி கேஸ் போடுறது?"