ஃபிரிட்ஜ் வந்த நாள்

"இந்த வீட்டுல ஒனக்கு ஏதும் கொறை இருக்கா?" தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் மனைவி புஷ்பம் ஒருநாள் கேட்டபோது, வேலைக்காரி கன்னியம்மா இல்லையென்றாள். அது பொய்யில்லை.

இன்று ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது.

"இன்னாமா, பீரோவாட்டம் கீது!"

"இதுல வச்சா மூணு நாளானாலும் கெடாது. இனி ஒரு பருக்கை வீணாகாது, பாத்துக்க" என்று சிரித்தாள் புஷ்பம்.

கன்னியம்மாவும் சிரித்தாள். அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தவளே அவள்தான்.

சாயங்காலம் மீந்த சோறு, சாம்பார், பொரியல் எல்லாவற்றையும் புஷ்பம் எடுத்துக் கொடுக்க, கன்னியம்மாவே உள்ளே அடுக்கினாள். பிறகு வழக்கம்போலத் தூக்குச்சட்டியோடு கொல்லை வாசலில் நின்றாள்.

"இன்னும் ஏன் நிக்க? ஒம் பிள்ளைகள் பசியோட காத்திருக்கும்லா, கெளம்பு" என்றாள் புஷ்பம் பரிவாக.

வீணாகிவிடுமே என்று புஷ்பம் தினமும் அந்தத் தூக்கில் போட்டதுதான், ஏழு வருஷமாக அந்தப் பிள்ளைகளுக்கு ராத்திரிச் சோறு.

கன்னியம்மா காலித் தூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு படியிறங்கினாள்.