கண்மூடிய காசு

ரோமாபுரிப் பேரரசர்களின் முகத்தைக் காசு அச்சில் செதுக்குவது உர்சினுஸின் வேலை. ஒரு முகத்தை முடிப்பதற்குள் ஆள் மாறி, யாராவது ஒரு படைத்தலைவர் அரியணை ஏறிவிடுவார். வெள்ளிக்கும் பஞ்சம், செம்புக்குப் பூச்சுப் பூசி ஒப்பேற்றினார்கள்.

புதுப் பேரரசர் சிஸ்கியா நகரத்து நாணயச்சாலைக்கே வந்தார். முதல் காசை அவர் கண்ணெதிரே அடித்தார்கள்.

"மூக்கு சரி. கண்ணை ஏன்யா மூடி வெச்சிருக்கே?"

அச்சில் கண் திறந்தே இருந்தது. உர்சினுஸ் மறுபடி அடித்தான். காசில் மூடியிருந்தது. முந்தினவர் செத்த அன்று காலையிலும் இப்படித்தான்.

"வெள்ளிப் பளபளப்புல கண்ணு கூசுது, பிரபு."

பேரரசர் மனம் குளிர்ந்துபோய் முன்னால் நடந்தார். பின்னால் போன படைத்தலைவரின் அங்கியை உர்சினுஸ் மெல்லப் பிடித்தான்.

"ஐயா, கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க. அடுத்த காசுக்கு மூக்கைப் பாத்துக்கறேன்."