ஃபெயில் போட்டவள்

"சொந்தப் புருஷன் செஞ்ச சிப்புக்கே ஃபெயில் போட்டுட்டாளாம்!"

பதினோரு மணிக்குச் சோதனைக்கூடத்தில் கிளம்பிய செய்தி, பன்னிரண்டுக்குள் மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டது.

சிப்புகளைச் சோதிக்கும் இன்ஜினியரான அவள் அசரவில்லை. அறிக்கையில் கையெழுத்தைப் போட்டாள், எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போய் உட்கார்ந்தாள்.

எதிரே அவள் கணவன். அந்த மெமரி சிப்பை வடிவமைத்த குழுவுக்குத் தலைவன். ரெண்டு வருஷ உழைப்பு. அவள் 'பாஸ்' என்று ஒரு வார்த்தை அடித்திருந்தால், அடுத்த வாரமே தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் தயாராக ஆரம்பித்திருக்கும்.

"என்னம்மா பிரச்சினை?" என்றார் மேனேஜர்.

"சிப்புல எட்டுப் பகுதி இருக்கு சார். தனித்தனியா படிச்சா ஒரு தப்பும் இல்ல. எட்டும் ஒரே நேரத்துல முழிச்சுக்கிட்டா, எல்லாம் சேர்ந்து கரண்டை இழுக்குது. உள்ளே வோல்டேஜ் ஒரு குலுக்கு குலுங்குது. அந்தக் குலுக்கல்ல ஒரு பிட்டு பூஜ்யமா இருந்தாலும் ஒண்ணுன்னு படிச்சிடுது."

"எத்தனைக்கு ஒரு தடவை?"

"கோடியில ஒண்ணு."

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "நம்ம வழக்கமான சோதனையில எட்டையும் ஒண்ணா எழுப்பறதே இல்லையே?" என்றார்.

"நாம எழுப்பறதில்ல. வாங்கறவங்க எழுப்புவாங்க."

"கோடியில ஒண்ணுதானேம்மா..." மேனேஜர் இழுத்தார்.

"அந்த ஒண்ணு, யாரோ எடுத்த போட்டோவில ஒரு புள்ளியா இருக்கலாம். ஆஸ்பத்திரியில யாருக்கோ ஏத்துற மருந்தோட அளவாவும் இருக்கலாம். எதுன்னு சிப்புக்குத் தெரியாது சார்."

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

கணவன் அவள் நீட்டிய அறிக்கையை வாங்கிக்கொண்டு, விறுவிறுவென்று வெளியே போய்விட்டான்.

"பாவம், மனுஷன் நொந்துட்டார்" என்றது மொத்த அறையும்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும் முன்பே செய்தி நுழைந்திருந்தது. மாமியார் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?"

"இல்லையே அத்தை."

"அப்புறம் எதுக்கு அவன் தலையில கல்லைத் தூக்கிப் போட்டே? கட்டினவனுக்காக ஒரு கண்ணை மூடிக்கக் கூடாதா?"

"மூடியிருந்தா அந்த ஒரு பிட்டு கண்ணுல பட்டிருக்காது அத்தை."

"பிட்டாம், பெரிய பிட்டு!" மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று நாள் கணவன் பேசவில்லை. "தண்ணி", "சாவி எங்கே", அவ்வளவுதான். கண் எங்கோ இருந்தது. போட்ட ஃபெயிலை நினைத்து அவள் ஒரு நிமிஷமும் வருந்தவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் முகம் கொடுக்காதது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

நாலாம் நாள் சாப்பாட்டு மேஜையில், தட்டைத் தள்ளிவிட்டு ஒரு பெரிய தாளை விரித்தான்.

"எந்த இடத்துல ஜாஸ்தி குலுங்குது?"

கழுவாத கையோடு அவள் இடது கை விரலால் தொட்டுக் காட்டினாள். "நட்ட நடுவுல. ஓரத்துல இருந்து கரண்ட் வந்து சேர்றதுக்குள்ள தாவு தீர்ந்துடுது."

"அங்கேயே குட்டிக் குட்டியா கெபாசிட்டர் வெச்சுட்டா? வீட்டுக்கு வீடு தண்ணித் தொட்டி வைக்கிற மாதிரி. மெயின் லைன்ல வர்றவரைக்கும் பக்கத்துத் தொட்டியில இருந்து எடுத்துக்கட்டும்."

"இடம் இருக்கா?"

"இடம் பிடிக்கிறது என் தலைவலி."

"அது மட்டும் போதாதுங்க. எட்டையும் ஒண்ணா எழுப்பாதீங்க. ஒண்ணு எழுந்து ஒரு நூல் இடைவெளி விட்டு அடுத்தது. வாங்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

அவன் நிமிர்ந்தான். "மூணு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டேன். இது தோணலையே!"

கூடத்தில் மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

திருத்திய சிப் வந்து சேர நாலு மாதம் ஆனது. அதுவரை அலுவலகத்தில், 'வீட்டுக் கோபத்தை சிப்புல காட்டினவ' என்ற பேச்சு ஓயவே இல்லை. அவள் காதிலும் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டாள்.

புது சிப்பைச் சூடேற்றினாள். குளிரவைத்தாள். எட்டையும் என்னென்ன விதமாக எழுப்ப முடியுமோ அத்தனை விதமாகவும் எழுப்பிப் பார்த்தாள். பதினோரு நாள். கோடி கோடியாகப் படித்தும் ஒரு பிட்டுகூடப் பிசகவில்லை.

'பாஸ்' என்று அடித்தாள். சோதனைக்கூடமே கைதட்டியது.

கைதட்டல் அடங்கியதும் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், ஒரே ஒரு வேண்டுகோள். இனிமே என் வீட்டுக்காரர் சிப்பை என்கிட்டத் தள்ளாதீங்க. ஃபெயில் போட்டா பழிவாங்கறேன்னு சொல்றாங்க. பாஸ் போட்டா புருஷனாச்சேங்கறாங்க. வீட்டுல மாமியாருக்கும் பதில் சொல்லி மாளல."

"நானாம்மா தள்ளினேன்? நான் வேற ஆளுக்குத்தான் போட்டிருந்தேன்."

"பின்னே?"

மேனேஜர் ஒரு பழைய மெயிலைத் தேடி எடுத்து, திரையை அவள் பக்கம் திருப்பினார். முதல் சோதனை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, அவள் கணவன் எழுதியது.

'என் சிப்பைத் தயவுசெய்து என் மனைவியிடமே கொடுங்கள். மற்றவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் சிப்பைப் பார்ப்பாள்.'