உழாத மண்

ஆராய்ச்சிக்கூடத்து லட்சுமணன் மறுபடியும் ஜவ்வாது மலைக்கு மண் எடுக்க வந்தார். போன வருஷம், 1985இல், பாஞ்சாலையின் சாமை நிலத்தில் யாரும் ஏர் ஓட்டாத புளியமரத்தடியில் அள்ளிய மண்ணில் ஒரு பூஞ்சணம் கிடைத்திருந்தது. அதன் மரபணுவை மாற்றி, காய்ச்சலுக்கு மருந்து சுரக்க வைத்திருந்தார்கள்.

“ஆனா எந்தக் கண்ணாடித் தட்டுல வளத்தாலும் சின்னக் கை மாதிரியே படருதும்மா. நாலே வெரலு! எங்க ஆளுங்க அதுக்குக் கைகுடுத்துட்டுத்தான் வேலையே தொடங்குறாங்க,” என்று சிரித்தார்.

பாஞ்சாலை சிரிக்கவில்லை. போளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வழியிலேயே காய்ச்சலில் போன மகளை அந்த மரத்தடியில்தான் புதைத்திருந்தாள். அந்த மகளுக்குப் பிறவியிலேயே சுண்டுவிரல் கிடையாது.

“அதுக்குத் துன்றதுக்கு இன்னா சார் குடுக்குறீங்க?”

“சக்கரத் தண்ணிதாம்மா.”

“கொஞ்சம் நெறயவே ஊத்துங்க சார். அவ பசி தாங்க மாட்டா.”